தண்ணீர் மேல் ஓடும் லூர்களோடு ஒன்பது கோடை: பாஸ் மீன் அனுபவம்

டெக்சாஸில் உள்ள டாலஸுக்குக் குடிவந்த இரண்டாம் வருடம் ராடும் (தூண்டில் கோல்) ரீலும் (நரம்பு சுற்றும் உருளை) வாங்கினேன். இது ஒன்பதாவது கோடை. வாங்கியது, நண்பர்களிடம் வாங்கிப் போட்டுப் பார்த்தது, மரத்தில் மாட்டி அறுத்துவிட்டு வந்தது எல்லாம் சேர்த்தால் தண்ணீருக்கு மேலே ஓடுகிற லூர்கள், அதாவது செயற்கை இரைகள், ஐம்பதுக்குக் குறையாது. இன்று பெட்டியில் நிலைத்திருப்பவை நான்கு வகைதான். அவை ஏன் தங்கின, எப்படிப் போட்டால் வேலை செய்கின்றன, எந்த இடத்தில் மீன் கைநழுவுகிறது என்பதை, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் அதிகம் போவது லேக் ஃபோர்க். டாலஸிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரப் பயணம். 1980-ல் அணை முடிந்த ஏரி, பரப்பு சுமார் 27,000 ஏக்கர். நிறைய மரங்களை வெட்டாமலே தண்ணீரை நிரப்பிவிட்டதால் இன்றும் பட்ட மரங்கள் வரிசை வரிசையாக நீட்டிக்கொண்டு நிற்கின்றன. டெக்சாஸின் சாதனை லார்ஜ்மவுத் பாஸ் (பெரிய வாய் கொண்ட நன்னீர் மீன்), 18.18 பவுண்டு, 1992 ஜனவரியில் இங்கேதான் பிடிபட்டது. 16 முதல் 24 அங்குலம் வரையுள்ள பாஸை இங்கே வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது, அங்கேயே விட்டுவிட வேண்டும். ஏரியில் பெரிய மீன் இருப்பதற்கு இந்த விதி முக்கியமான காரணம் என்று நான் நம்புகிறேன்.

இந்த மீனுக்கு உடம்பில் முக்கால்வாசி வாய்தானோ என்று தோன்றும். மேல்தாடை கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். இரையை அது பல்லால் கவ்வுவதில்லை. வாயை ஒரே நொடியில் விரிக்கும்போது தண்ணீர் உள்ளே பாய்கிறது, இரையும் அதோடு சேர்ந்து போய்விடுகிறது. உறிஞ்சுதல்தான் அதன் வேட்டை. இதை ஆரம்பத்திலேயே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் மூன்று கோடை மிச்சமாகியிருக்கும். ஏனென்றால் உறிஞ்சப்பட வேண்டிய பொருளை நாம் விறைப்பான தூண்டில் நரம்பில் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தால் அது வாய்க்குள் போகாது. தண்ணீர் சிதறும், சத்தம் கேட்கும், முள்ளில் ஒன்றும் இருக்காது. நரம்பு எப்போது தளர்வாக இருக்க வேண்டும், எப்போது இறுக வேண்டும் என்ற கணக்குதான் இந்த வகை மீன்பிடிப்பில் கிட்டத்தட்ட எல்லாமே.

முதலில் ஸ்பூக். ஹெட்டன் நிறுவனத்தின் ஸாரா ஸ்பூக் 1939-லிருந்து இருக்கிறது. சுருட்டு மாதிரி உருளையான பிளாஸ்டிக் துண்டு. வாய்த்தகடு கிடையாது, சுழலும் இறக்கை கிடையாது. சும்மா இழுத்தால் குச்சி மாதிரி நேராக வரும். உயிர் கொடுப்பது முழுக்க நம் மணிக்கட்டுதான். நான் போடுவது மூன்றரை அங்குல, அரை அவுன்ஸ் ஜூனியர் அளவு. இதை இடமும் வலமுமாக நெளிந்து வரச் செய்வதைத்தான் இங்கே ‘வாக்கிங் த டாக்’ என்கிறார்கள்.

முதல் வருடம் எனக்கு இது வரவே இல்லை. தோள் வலிக்க வலிக்க இழுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் படகுத்துறையில் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அருகே வந்தார். என் ராடின் நுனியைத் தண்ணீரைத் தொடும் அளவுக்குக் கீழே அழுத்தினார். “இழுக்காதே. கதவைத் தட்டுகிற மாதிரி தட்டு, தட்டியதும் கையைத் திருப்பி எடுத்துவிடு” என்றார். அவ்வளவுதான் பாடம். நுனியைக் கீழ்நோக்கி ஆறு அங்குலம் தட்ட வேண்டும்; உடனே நுனியை லூர் இருக்கும் பக்கமே திரும்பக் கொண்டுபோக வேண்டும். அந்தத் தளர்வில்தான் லூரின் மூக்கு ஒரு பக்கமாகச் சறுக்குகிறது. அடுத்த தட்டில் மறு பக்கம். ரீலின் கைப்பிடி தளர்வில் ஒரு பகுதியை மட்டும் சுற்றிக்கொண்டே வர வேண்டும், முழுவதையும் அல்ல. தட்டும் கையும் சுற்றும் கையும் தனித்தனித் தாளத்தில் ஓடப் பழக எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. வீட்டுப் பக்கத்துக் குளத்தில், மீன் வருமா என்ற எதிர்பார்ப்பே இல்லாமல், நடை மட்டும் பழகினேன். அப்படித்தான் பழக வேண்டும் என்று யாருக்கும் சொல்வேன்.

லூரோடு நரம்பைக் கட்டும் முடிச்சும் தளர்வாக, வளையமாக இருக்க வேண்டும். மூக்கில் இறுக்கிக் கட்டினால் நெளிவு பாதியாகிவிடும். நரம்பைப் பொறுத்தவரை நான் செய்த பெரிய தவறு ஃபுளோரோகார்பன். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது என்று கேள்விப்பட்டு முதல் வருடம் அதைத்தான் சுற்றினேன். அது தண்ணீரில் மூழ்குகிற நரம்பு. லூரின் மூக்கைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். இப்போது 30 பவுண்டு தாங்கும் பிரெய்டு என்ற பின்னல் நரம்பு, அதன் முனையில் ஒன்றரை அடி மோனோ. பிரெய்டு நன்றாக மிதக்கும், ஆனால் துவண்டு போய் முன்முள்ளில் சுற்றிக்கொள்ளும். அந்த ஒன்றரை அடி மோனோ அதைத் தடுக்கிறது. மோனோ வேறொன்றுமில்லை, நம்மூரில் தங்கூசி என்போமே, அதே நைலான் நரம்புதான்.

இரண்டாவது பாப்பர். வாய்ப்பக்கம் கிண்ணம் போலக் குழிந்திருக்கும். தட்டினால் ‘ப்ளக்’ என்று தண்ணீரைத் துப்பும். ரெபல் பாப்-ஆர் என் தேர்வு. மீன்பிடிப் போட்டிக்காரர்களிடம் இந்த லூரைப் பற்றிப் பேசினால் டெக்சாஸ்காரரான ஸெல் ரோலண்டின் பெயர் வராமல் இருக்காது. காற்றில்லாமல் ஏரி கண்ணாடியாகக் கிடக்கும் காலைகளில் ஸ்பூக்கை விட இது நன்றாக வேலை செய்கிறது. போட்டவுடன் அசைக்காதீர்கள். விழுந்த இடத்தில் எழுந்த வட்டங்கள் எல்லாம் கரைந்து தண்ணீர் அடங்கட்டும். பிறகு ஒரே ஒரு தட்டு. மறுபடி சும்மா விடுங்கள். பின்முள்ளில் கட்டியிருக்கும் இறகு அந்த அமைதியிலும் மெல்ல மூச்சுவிடுகிற மாதிரி விரிந்து சுருங்கும். எனக்குப் பாப்பரில் கிடைத்த மீன்களில் பெரும்பாலானவை லூர் சும்மா கிடந்த நேரத்தில் எடுத்தவை. மே, ஜூனில் புளூகில் மீன்கள் கரையோர மணலில் வட்ட வட்டமாகக் குழி பறித்து முட்டையிடும். அந்தக் குழிகளின் ஓரம்தான் பாப்பருக்கு அருமையான இடம்.

மூன்றாவது, வால் சுழலும் வகை. லாரி டால்பெர்க் வடிவமைத்த வாப்பர் ப்ளாப்பரால் பிரபலமானது. போடு, ஒரே வேகத்தில் சுற்று. புதியவர்களுக்கு நான் முதலில் கையில் கொடுப்பது இதைத்தான், மணிக்கட்டு வித்தை எதுவும் தேவையில்லை. இலையுதிர் காலத்தில் ஷேட் என்ற சின்ன வெள்ளி மீன்கள் கூட்டமாக ஓடைகளுக்குள் ஏறும்போது இதை வைத்துப் பெரிய பரப்பை வேகமாகத் தேடலாம். பாசி சிக்கினால் வால் நின்றுவிடும், புல் உள்ள இடத்துக்கு ஆகாது. உலோக இறக்கை சுழல ஓடும் பஸ்பெய்ட்டும் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்யும், ஆனால் நிறுத்தினால் மூழ்கிவிடும். நிறுத்த முடியாத லூர் எனக்குச் சரிப்படவில்லை.

நான்காவது தவளை. மனதுக்கு மிக நெருக்கமானது.

சிவகங்கைப் பக்கம் எங்கள் கண்மாயில் மாமா உயிர்த்தவளையைக் கோத்து விராலுக்குப் போடுவார். அல்லி இலைகளுக்கு நடுவே தவளை தத்தித் தத்திப் போகும். விரால் அடித்ததும் நான் துள்ளுவேன். “பொறுடா, முழுங்கட்டும்” என்பார். இருபத்தைந்து வருடம் கழித்து, உள்ளே காற்று மட்டும் இருக்கிற ரப்பர் தவளையை ஹைட்ரில்லாப் பாசியின் மேல் போடும்போது அதே குரல்தான் காதில் கேட்கிறது. இந்தத் தவளையின் இரண்டு முள்களும் முதுகை ஒட்டி மேல்நோக்கி இருக்கும், அதனால் பாசியில் மாட்டாது. மீன் வாயை அழுத்திமூடி உடம்பு நசுங்கினால்தான் முள் வெளியே வரும். ஆக, அடி விழுந்ததும் ராடைத் தூக்கினால் தவளை பறந்து நம் முகத்துக்கே வரும். நான் கடைப்பிடிப்பது இது: சத்தம் கேட்டதும் ராடின் நுனியை மீன் பக்கம் தாழ்த்துவேன், தளர்வைச் சுற்றி எடுப்பேன், கையில் கனம் தெரிந்த பிறகு முழு பலத்தோடு தூக்குவேன். கண் பார்த்ததற்குக் கை பதில் சொல்லக் கூடாது. கை உணர்ந்ததற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். இது எல்லா மேல்நீர் லூருக்கும் பொருந்தும், தவளைக்கு இரண்டு மடங்கு பொருந்தும்.

தவளைக்கு 65 பவுண்டு பிரெய்டு, ஏழடிக்கு மேல் விறைப்பான ராடு. பாசிக்குள் தலையை நுழைத்துக்கொண்ட மீனை மெல்லிய நரம்பு வெளியே கொண்டுவராது. புதுத் தவளையின் ரப்பர்க் கால்களில் முக்கால் அங்குலம் வெட்டிவிடுவேன். மீன் காலை மட்டும் கவ்விக்கொண்டு போவது குறையும், நடையும் லேசாகும். நாலைந்து முறை போட்ட பிறகு ஒரு முறை பிழிந்து உள்ளே புகுந்த தண்ணீரை வெளியேற்ற வேண்டும்.

மூன்றாம் வருடம் நடந்த ஓர் இழப்பையும் சொல்ல வேண்டும். விலை மலிவாக இருக்கிறதே என்று இணையத்தில் ஒரு செட் வாங்கியிருந்தேன். பட்ட மரம் ஒன்றின் நிழலோரம் லூரை நிறுத்தியிருந்தபோது அதன் பின்னால் தண்ணீர் மெல்ல உப்பியது. சத்தமே இல்லாமல் லூர் மறைந்தது. பெரிய மீன் பல முறை அப்படித்தான் எடுக்கும், சின்னதுதான் ஆர்ப்பாட்டம் செய்யும். படகு வரை வந்தது. பக்கவாட்டில் கறுப்புக் கோடு, என் உள்ளங்கையை விட அகலமான வால், ஒரு முறை தலையை உதறியது, போய்விட்டது. லூரைப் பார்த்தேன். முள்ளைத் தாங்கும் வளையம் விரிந்து திறந்திருந்தது. அன்றிலிருந்து எந்த லூர் வாங்கினாலும் தண்ணீரில் போடுவதற்கு முன் வளையத்தையும் முள்ளையும் சோதித்து, சந்தேகமிருந்தால் மாற்றிவிடுகிறேன். மூன்று முனை கொண்ட முள்ளின் எதிர்க்கொக்கியை (பின்னோக்கிய சிறு கூரை) இடுக்கியால் அழுத்தியும் விடுகிறேன்; மீனுக்கும் நல்லது, விரலில் ஏறினாலும் எளிதாக எடுக்கலாம். கண்ணாடி போடாமல் இந்த லூர்களைத் தொடவே கூடாது. மீன் தவறவிட்ட லூர் எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது.

நிறத்துக்கு நான் மெனக்கெடுவதில்லை. மீன் கீழேயிருந்து வானத்துக்கு எதிராகப் பார்ப்பது லூரின் வயிற்றை மட்டும்தான். பகலில் எலும்பு வெள்ளை, விடியலிலும் இருட்டிலும் கறுப்பு, இந்த இரண்டே எனக்குப் போதும். தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் வரை பொறுப்பேன். அதற்குப் பிறகு விடியலுக்கு முந்தைய அரைமணியும் மேகமூட்டமான நாட்களும்தான் என் நேரம். ஆகஸ்டில் காலை ஒன்பதுக்கு மேல் ஆழத்துக்குப் போகும் லூருக்கு மாறிவிடுவேன்.

கடைசியாக, தவறிப்போன அடியைப் பற்றி. மீன் அடித்துத் தவறவிட்டால் லூரை உடனே சுற்றி எடுத்துவிடாதீர்கள். அப்படியே கிடக்கட்டும், மூன்று வரை எண்ணுங்கள், லேசாக ஒரு தட்டு. அப்போதும் எடுக்கவில்லை என்றால் தயாராகக் கட்டிவைத்த இரண்டாவது ராடு. அதில் எடை கோக்காத மென்மையான செயற்கைப் புழு, பச்சை நிறம், ஐந்து அங்குலம். அதே வட்டத்துக்குள் போட்டு நரம்பைத் தளர்த்திவிடுங்கள், தானாக இறங்கட்டும். போன மாதம் அப்படிக் கிடைத்தது 23 அங்குலம். அளந்தேன், வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துத் தண்ணீரில் பிடித்திருந்தேன், வாலை ஒரு அடி அடித்துவிட்டு அதே மரத்தடிக்குத் திரும்பிப் போனது.