நாலடித் தொட்டியும் ஒரு வெள்ளைக் கோடும்

"நாலடி மீன்தொட்டி ஒன்று பாதி விலைக்கு வருகிறது, எடுக்கலாமா?" என்று பரமக்குடி நண்பர் நேற்று கேட்டார். எங்கள் வீட்டில் இருப்பதும் அதே அளவுதான். ஒன்றரை அடி அகலம், இரண்டு அடி உயரம், விளிம்புவரை ஊற்றினால் 340 லிட்டர். வீடு ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில், கடல் கூப்பிடு தூரம். "கடலை வாசலில் வைத்துக்கொண்டு குளத்து மீன் வளர்க்கிறான்" என்று தெருவில் கேலி உண்டு.

போன வருடம் தொட்டி மூலையில் கசிந்தது. கடைக்காரர் பழைய சிலிக்கோன் பசை மேலேயே புதிதைப் பூசிக் கொடுத்தார். ஒரே மாதத்தில் மறுபடி கசிவு. அப்புறம் நானே முழுதாகக் காலி செய்து, பழையதைப் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டுப் பூசினேன். இன்றுவரை நிற்கிறது. அந்த ஒரு வாரம் மீன்கள் டிரம்மில் இருந்தன. ஃபில்டர் பஞ்சைக் குழாயில் கழுவாமல் அதே டிரம்மில் ஓடவிட்டேன். கழிவைச் சமாளிக்கும் பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. ஒரு மீன்கூடச் சாகவில்லை.

முதல் தடவை கடற்கரை மணலை அள்ளிப் போட்டிருந்தேன். சுத்த முட்டாள்தனம். ஒரு பிடி எடுத்து வினிகர் ஊற்றினால் சோடா மாதிரி பொங்கியது. அவ்வளவு சிப்பித் தூள், கரைந்து தண்ணீரை இன்னும் கடினமாக்கும். இந்த முறை ஆற்று மணல், சலித்துக் கழுவியது.

கிரிப்டோகோரைன் என்ற நீர்ச்செடி நட்ட பத்து நாளில் இலையெல்லாம் கூழாகிப் போனது. பிடுங்கி எறியாமல் விட்டது நல்லதாயிற்று. வேர் பிழைத்திருந்து ஒரு மாதத்தில் தளிர்த்தது. வாலிஸ்னேரியா என்ற இன்னொரு நீர்ச்செடியைத்தான் நான் எதிர்பார்க்கவே இல்லை. நட்டது எட்டே செடி. எங்கள் ஊர்க் கடினத் தண்ணீர் அதற்கு அமிர்தம் போல. ஓடுதண்டு விட்டு விட்டுப் பின்பக்கம் முழுக்க அடைத்துவிட்டது. காலை வெயில் ஜன்னல் வழியே சாயும்போது இலைகளிலிருந்து குமிழி குமிழியாக மேலேறும். எத்தனை நாள் காப்பி ஆறிப்போயிருக்கிறது!

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். மே மாதம் தொட்டித் தண்ணீர் 32 டிகிரி. மேலே இரண்டு சின்ன விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் அது குறைவதே தண்ணீர் ஆவியாவதால்தான். நாளுக்கு நாலு லிட்டர் போகிறது. போவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே. ஈடுகட்ட ஊற்றும் லாரித் தண்ணீரில் இருக்கும் உப்பும் அதோடு சேர்கிறது. வாலிநோக்கம் உப்பளத்தில் பாத்தி கட்டிச் செய்யும் வேலையை நான் கூடத்தில் கண்ணாடிக்குள் செய்துகொண்டிருக்கிறேன். வாராவாரம் ஐந்தில் ஒரு பங்கு மாற்றியும், 600 ஆக இருந்த டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) கோடை முடிவில் 800ஐத் தாண்டியது. நீர்மட்டத்தில் நெடுக ஒரு வெள்ளைக் கோடு. வினிகர் தொட்டுத் தேய்த்தால் போகும். பத்தே நாளில் அதே இடத்தில் வந்து உட்காரும். வீட்டுக்கு வருகிறவர்கள் செடியைப் பார்ப்பதில்லை, கோட்டைத்தான் பார்க்கிறார்கள். ஐப்பசியில் மாடி மழைத்தண்ணீரைப் பிடித்து ஊற்றிய சில வாரங்கள்தான் நிம்மதி. "மனுசனுக்கே குடம் காசு கொடுத்து வாங்குறோம், மீனுக்கு லாரியா?" என்று அம்மா கேட்பதற்கு என்னிடம் பதில் கிடையாது.

ஆகவே நண்பரே, எடுக்காதீர்கள். நேற்று ராத்திரி கரண்ட் போய் இரண்டு மணி நேரம் விசிறி, ஃபில்டர் எல்லாம் நின்றுபோன கடுப்பில் சொல்கிறேன் என்றாலும் எடுக்காதீர்கள். வேண்டாமென்று முடிவு செய்துவிட்டால் விற்பவரின் நம்பரை மட்டும் எனக்கு அனுப்புங்கள். மாடிப்படிக்குக் கீழே நாலரை அடி இடம் சும்மாதான் கிடக்கிறது.