இரண்டு பக்கமும் ஒரே அச்சாக: ஆர்கேட் பெட்டி செய்வோருக்கு அரை அங்குல பேரிங் பிட்

வீட்டிலேயே ஆர்கேட் பெட்டி (நின்றபடி விளையாடும் வீடியோ கேம் பெட்டி) செய்யத் தொடங்குபவர்கள் திரை, ஜாய்ஸ்டிக், பொத்தான்கள் ஆகியவற்றைத் தேர்ந்தெடுப்பதில் மாதக்கணக்கில் செலவிட்டுவிட்டு, பெட்டியின் உருவத்தையே தீர்மானிக்கும் இரண்டு பக்கப் பலகைகளை ஜிக்சா என்னும் கை மின்ரம்பத்தால் ஒரே மாலையில் அறுத்து முடித்துவிடலாம் என்று எண்ணிவிடுகிறார்கள். 1980-இல் வெளிவந்த பேக்-மேன் பெட்டியைப் போன்ற ஆளுயரப் பெட்டிகளில் திரை தாங்கும் சட்டம், கட்டுப்பாட்டுத் தட்டு, மேலே விளக்கெரியும் பெயர்ப் பலகை, பின்கதவு என எல்லாமே இந்த இரண்டு பலகைகளுக்கு நடுவில்தான் மாட்டப்படுகின்றன. ஆகவே ஒரு வளைவு மற்றொன்றைவிட மூன்று மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் தட்டு முறுக்கிக்கொள்ளும், பின்கதவு ஒரு மூலையில் தூக்கி நிற்கும். இந்தச் சிக்கலுக்கு நான் பயன்படுத்திப் பார்த்தது முனையில் பேரிங் பொருத்திய ஃப்ளஷ் ட்ரிம் பிட்; டிரிம்மர் என்னும் கையடக்க மின்கருவியில் மாட்டிச் சுழலவிடும் வெட்டுமுனை இது. ஒரே அளவில் பல நிறுவனங்கள் இதைச் செய்வதால், பெயரைவிட அளவும் தரமுமே இங்கே முக்கியம்.

நான் வாங்கியது கால் அங்குலத் தண்டும், அரை அங்குல (12.7 மி.மீ.) விட்டமும், ஓர் அங்குல வெட்டு நீளமும், இரண்டு கார்பைடு வெட்டு விளிம்புகளும் கொண்டது. வெட்டும் பகுதியின் விட்டமும் நுனியிலுள்ள பேரிங்கின் விட்டமும் ஒன்றே என்பதில்தான் இதன் பயன் முழுவதும் அடங்கியிருக்கிறது. 6 மி.மீ. எம்.டி.எஃப்.-இல் (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) உருவத்தை வரைந்து, அறுத்து, அரத்தாலும் உப்புத்தாளாலும் விளிம்பை வழவழப்பாக்கி ஒரு டெம்ப்ளேட் செய்துகொள்ள வேண்டும். அதன்மேல் 18 மி.மீ. பலகையை இறுக்கி, ஜிக்சாவால் கோட்டுக்கு வெளியே இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டு அறுத்தபின், டிரிம்மரை மேலே வைத்து ஓட்டினால், பேரிங் அடியிலுள்ள டெம்ப்ளேட்டைத் தொட்டு உருளும். வெட்டு விளிம்பு மிச்சத்தைச் சீவிக்கொண்டே வரும். இரண்டாவது பலகைக்கும் இதே டெம்ப்ளேட். அளவெடுக்கும் வேலையே இரண்டாம் முறை இல்லை.

ஜிக்சாவால் மட்டும் செய்தால் இந்தத் துல்லியம் வராததற்குக் காரணம் கைப்பழக்கக் குறை அல்ல. 18 மி.மீ. கனத்தில் வளைவு அறுக்கும்போது மெல்லிய பிளேடின் அடிநுனி பக்கவாட்டில் வளைந்துபோவதால், மேலே கோட்டின்மேல் சரியாக ஓடிய வெட்டு அடியில் விலகியிருக்கும். இரு பலகைகளையும் சேர்த்து இறுக்கி ஒரேயடியாக அறுக்கும் வழக்கம் இந்த விலகலை இரட்டிப்பாக்கும் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எம்.டி.எஃப்.-இல் இந்தப் பிட்டின் வேலை மிக நன்று. விளிம்பு உப்புத்தாள் தேவைப்படாத அளவுக்குச் சீராக வந்தது, பலகைகளைச் சேர்த்து வைத்து விரலால் தடவினால் சேர்மானம் தட்டுப்படவில்லை. பிளைவுட்டில் நிலைமை வேறு. மேலே ஒட்டியுள்ள மெல்லிய மரத்தாளான வெனீரின் நார் வெட்டுக்குக் குறுக்காக வரும் இடங்களில் நேர்விளிம்புப் பிட் சிலாம்பைப் பிய்த்துவிடுகிறது. வளைவில் நாரின் போக்கு மாறும் இடத்தில் இது இன்னும் அதிகம். சுருள் விளிம்புப் பிட் இந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கும், ஆனால் விலை பல மடங்கு. பெட்டியின் ஓரம் எப்படியும் டி-மோல்டிங்கால் (ஓரத்துக் காடியில் செருகும் T வடிவ பிளாஸ்டிக் பட்டை) மூடப்படும் என்பதால் இரண்டு பலகைகளுக்காக அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து. வெளி ஓரத்தைச் சுற்றும்போது டிரிம்மரைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நகர்த்த வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. மாற்றி ஓட்டினால் கருவி பலகையோடு தானாகவே ஓடத் தொடங்கிவிடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் விஷயம் தண்டின் கனம். இங்கே கிடைக்கும் டிரிம்மர்களில், பிட்டின் தண்டைப் பிடித்து இறுக்கும் காலட் என்னும் பிடியில், 6 மி.மீ. காலட்டும் கால் அங்குலக் காலட்டும் இரண்டுமே புழக்கத்தில் உள்ளன. கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ.; இரண்டையும் ஒன்றெனக் கருதி மெல்லிய தண்டைப் பெரிய காலட்டில் இறுக்குவது, நிமிடத்துக்கு 30,000 சுற்று சுழலும் கருவியில் விபரீதத்தை விலைகொடுத்து வாங்குவதற்குச் சமம். அடுத்தது பேரிங். மலிவான சில பிட்டுகளில் பேரிங்கின் விட்டம் வெட்டுப் பகுதியோடு முழுமையாக ஒத்துப்போவதில்லை, அப்போது ஓரத்தில் மெல்லிய படி ஒன்று தங்கிவிடும். கழிவுத் துண்டில் ஓட்டிப் பார்த்து நகத்தால் தடவினாலே தெரிந்துவிடும். டெம்ப்ளேட்டைப் பலகையோடு ஒட்டப் பலர் பயன்படுத்தும் இருபக்க டேப்பின் பசை ஏறி பேரிங் இறுகிவிட்டால் அது உருளாமல் டெம்ப்ளேட்டின் ஓரத்தைத் தேய்த்துக் கருக்கிவிடும். இதனால்தான் நான் டேப்பைத் தவிர்த்து, பின்னர் ரீப்பர் வந்து மறைக்கும் இடங்களில் உட்பக்கத்திலிருந்து குட்டை ஸ்க்ரூ போட்டேன்.

உட்பக்கம் என்று சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பலகையின் ஒரு முகத்தில் மட்டும் சன்மைக்கா ஒட்டியிருந்தால், வலது, இடது பலகைகள் ஒன்றன் நகலாக இருந்தால் போதாது. கண்ணாடிப் பிம்பமாக இருக்க வேண்டும். டெம்ப்ளேட்டின் ஒரு முகத்தில் ‘வலது’ என்றும் மறுமுகத்தில் ‘இடது’ என்றும் எழுதிவைத்து, இரண்டு முறையும் பலகையின் உள்முகத்தையே டெம்ப்ளேட்டோடு சேர்த்து இறுக்கினால் குழப்பம் வராது. டி-மோல்டிங்குக்கான காடியைப் பிறகு வேறு பிட்டால் வெட்டும்போதும், டிரிம்மரின் அடித்தட்டை இரு பலகைகளிலும் வெளிமுகத்தின்மேலேயே வைத்து ஓட்டுவது நல்லது. காடி மையத்திலிருந்து சற்று விலகினாலும் இருபுறமும் ஒரே அளவு விலகும்.

உட்குழிந்த மூலைகளைக் கூர்மையாக வெட்ட இந்தப் பிட்டால் இயலாது, 6.35 மி.மீ. ஆரத்தில் ஒரு வளைவு எப்போதும் மிஞ்சும். வேறு மரவேலையில் இதைக் குறையாகச் சொல்லலாம். ஆர்கேட் பெட்டியில் டி-மோல்டிங்கே கூரிய உள்மூலையில் மடிந்து படியாது என்பதால், கட்டுப்பாட்டுத் தட்டும் திரைப்பகுதியும் சந்திக்கும் இடத்தில் நான் வேண்டுமென்றே இதைவிடப் பெரிய வளைவை டெம்ப்ளேட்டிலேயே வைத்துக்கொண்டேன்.

இதே வேலையைச் சி.என்.சி. (கணினி இயக்கும் வெட்டு இயந்திரம்) கடையில் கொடுத்தால் கையைவிடத் துல்லியமாக வரும் என்பதில் ஐயமில்லை. எட்டுக்கு நான்கு அடி அளவுள்ள 18 மி.மீ. எம்.டி.எஃப். ஷீட் ஏறக்குறைய 40 கிலோ இருக்கும் என்பதால், அதைக் கடைக்குத் தூக்கிச்சென்று திரும்பக் கொண்டுவரும் பாட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கணினியில் வரைபடம் தயாராக வைத்திருப்பவர்கள் 6 மி.மீ. டெம்ப்ளேட்டை மட்டும் கடையில் வெட்டி வாங்கி, மீதியை வீட்டில் இந்தப் பிட்டால் முடிப்பது எனக்குத் தெரிந்த வழிகளில் சிக்கனமானது. டெம்ப்ளேட்டிலுள்ள சிறு மேடு பள்ளத்தையும் பேரிங் அப்படியே இரண்டு பலகைகளுக்கும் கடத்திவிடும் என்பதால், கையால் டெம்ப்ளேட் செய்பவர்கள் அதற்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தப் பிட்டை, டிரிம்மர் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். டிரிம்மரும் புதிதாக வாங்க வேண்டும், செய்யப்போவதும் ஒரே ஒரு பெட்டிதான் என்றால் சி.என்.சி. கடையே ஏற்றது. எவ்வழியானாலும் எம்.டி.எஃப். தூள் நுரையீரலுக்கு ஆகாது. டிரிம்மர் ஓட்டும்போது என்95 முகக்கவசமும் காதடைப்பானும் அணிந்து, வேலையை மொட்டைமாடியிலோ திறந்த வெளியிலோ வைத்துக்கொள்ள வேண்டும்.