முஸ்தபா பெட்டி: மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு

தொண்ணூறுகளில் தெருமுனை வீடியோ கேம் கடையில் ஒரு ரூபாய் நாணயத்தைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு முறைக்குக் காத்திருந்தவர்களுக்கு ‘முஸ்தபா’ என்றாலே போதும். அந்த ஆட்டத்தின் உண்மையான பெயர் காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ், அதை 1993-இல் காப்காம் வெளியிட்டது என்பதெல்லாம் எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகுதான் தெரிந்தது. கடையில் இருந்தது போலத் திரையும் பொத்தான்களும் வைத்த ஒரு விளையாட்டுப் பெட்டியை 2022-இல் வீட்டிலேயே செய்தேன். ஆசாரியின் கூலியையும் பிளைவுட் விலையையும் இங்கே எழுதப்போவதில்லை. வீட்டிலும் இதைப் படிப்பார்கள்.

உள்ளே இருப்பது ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய கணினி. ஐ5-6500 பிராசசர், 8 ஜிபி ராம், நான் சேர்த்த 240 ஜிபி எஸ்எஸ்டி. சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளில் எல்லாமாக ஒன்பதாயிரத்துக்குள் முடிந்தது. “கேம் என்றால் கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் எப்படி சார்?” என்று ஒரு கடைக்காரர் விடாமல் கேட்டார். அவர் சொன்னது இன்றைய விளையாட்டுகளுக்குப் பொருந்தும். பழைய கடைப் பெட்டிகளின் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் மேம் (MAME) போன்ற எமுலேட்டர் மென்பொருள் செய்யும் வேலை வேறு. பழைய பெட்டியின் மின்சுற்றுப் பலகையில் 10, 12 மெகாஹெர்ட்ஸில் ஓடிய மோட்டோரோலா 68000 பிராசசர், ஒலிக்கான இசட்80 என ஒவ்வொரு சில்லும் செய்ததை அது மென்பொருளாகவே செய்துகாட்டுகிறது. அந்தச் சுமை பிராசசர் மீதுதான் விழுகிறது. எத்தனை கோர் என்பதைவிட ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பதே கணக்கு. மூன்று ஆண்டுகளில் கிராபிக்ஸ் கார்டு இல்லையே என்று ஏங்கியது ஒருநாளும் இல்லை. கான்ட்லெட் லெஜண்ட்ஸ் போன்ற 1998 காலத்து முப்பரிமாண ஆட்டங்கள் திணறுகின்றன. அவற்றை எங்கள் தெருக் கடையில் நான் பார்த்ததே இல்லை, அதனால் இழப்பும் தெரியவில்லை.

முஸ்தபாவுக்கு இவ்வளவு பிராசசரே அதிகம் என்பீர்கள். மிச்ச வலிமை வீணாகவில்லை. எமுலேட்டர்களை ஒரே இடத்திலிருந்து இயக்கும் ரெட்ரோஆர்க் என்ற மென்பொருளில் ‘ரன் அஹெட்’ என்று ஒரு வசதி உண்டு. அடுத்து வரவேண்டிய காட்சியை முன்கூட்டியே கணித்துவைத்துக்கொண்டு, பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் அடி விழுவதற்கும் இடையிலுள்ள தாமதத்தை அது குறைக்கிறது. இதற்கு ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும் என்பதால் பிராசசருக்குத் தெம்பு தேவை. இதை இயக்கிய அன்றுதான் கடையில் விளையாடிய கைப்பழக்கம் திரும்ப வந்தது.

இனி, தொல்லை கொடுத்தவை. சென்ற கோடையில் ஒருநாள் சுவர் சுவிட்சைப் போட்டால் பெட்டிக்கு உயிர் வரவில்லை. மின்சாரம் வந்ததும் தானே எழும்படி பயாஸில், அதாவது கணினியின் அடிப்படை அமைப்புகளில், சொல்லிவைத்திருந்தேன். பின்கதவின் எட்டுத் திருகுகளையும் கழற்றிக் கணினியின் பொத்தானை அழுத்தினேன். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி: தொடர எஃப்1 அழுத்தவும். விசைப்பலகையோ பரண்மேல். கடைசியில் குற்றவாளி மதர்போர்டிலிருந்த சிஆர்2032 பட்டன் பேட்டரி. அது செத்ததும் நான் அமைத்ததெல்லாம் மறந்துபோயிருந்தது. பழைய கணினி வாங்குகிறவர்கள் அன்றே அந்த பேட்டரியை மாற்றிவிடுங்கள். பின்கதவுக்குத் திருகு வேண்டாம், கீல் வையுங்கள்.

மலிவுப் பொத்தான் தொகுப்பு எட்டு மாதம் தாங்கியது. முதலில் போனது குத்துப் பொத்தானின் மைக்ரோஸ்விட்ச். ஒருமுறை அழுத்தினால் இரண்டு முறை பதிந்தது. நல்ல வேளையாக ஸ்விட்ச் மட்டும் தனியாகக் கிடைக்கிறது. அதைவிடப் பெரிய தலைவலி, இரண்டு ஆட்டக்காரர்களுக்கும் ஒரே மாதிரி யூஎஸ்பி என்கோடர் பலகை (பொத்தான்களைக் கணினியோடு இணைப்பது) ஆளுக்கொன்றாக வாங்கியது. கணினிக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் சில நாள் இடம் வலமாக மாறிவிடும். “அப்பா, நான் அழுத்தினால் அக்கா குதிக்கிறாள்” என்று சின்னவன் அழுதபோது முதலில் நான் நம்பவில்லை. எந்தப் பலகை எந்த யூஎஸ்பி துளையில் என்று பெயின்ட்டால் குறித்து, அதை மாற்றாமல் வைத்த பிறகு சண்டை ஓய்ந்தது. இருவருக்கும் சேர்த்து ஒரே பலகை வாங்கியிருந்தால் இந்தக் கூத்தே இல்லை.

திரை 19 அங்குலம், 1280க்கு 1024, பழையது. அகலத்திரையைவிட இந்தச் சதுர வாகுதான் பழைய ஆட்டங்களுக்கு ஒத்துவருகிறது. ஆனால் டிஎன் என்ற வகை எல்சிடி திரையைக் கீழிருந்து பார்த்தால் இருண்டுவிடும் என்பதை நான் யோசிக்கவில்லை. எனக்குப் பளிச்சென்று தெரிந்த காட்சி, நான்கடி உயரம்கூட இல்லாத மகனுக்குக் கரியாகத் தெரிந்திருக்கிறது. இப்போது பெட்டிக்கு முன்னால் ஒரு மணைப்பலகை கிடக்கிறது.

ஒலிபெருக்கியில் வந்த இரைச்சல், ஆம்ப்ளிஃபையருக்குக் கணினியின் யூஎஸ்பியில் மின்சாரம் எடுத்ததால் வந்தது. பழைய கைபேசி சார்ஜரைக் கொடுத்ததும் அடங்கியது.

மேம் மாதாமாதம் புதுப்பிக்கப்படுகிறது. நான் ஒருமுறை ஆசைப்பட்டுப் புதுப்பித்ததில் ஓடிக்கொண்டிருந்த நான்கைந்து ஆட்டங்கள், அவற்றின் பழைய கோப்புகள் புதிய பதிப்போடு பொருந்தவில்லை என்று நின்றுவிட்டன. பழைய பதிப்புக்கே திரும்பினேன். அதற்குப் பிறகு தொடவில்லை.

திரும்பச் செய்தால் ஒன்றை மாற்றுவேன். இடம் குறையட்டும் என்று சிறிய வடிவக் கணினியை எடுத்தேன். அதன் மின்வழங்கி தனி அளவு. அது பழுதானால் கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் மின்வழங்கி உள்ளே பொருந்தாது. இதுவரை பழுதாகவில்லை. சுவிட்சைப் போடும்போதெல்லாம் விசிறிச் சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்கிறேன்.