கிண்ணியாவில் ஒரு டிராக்டர் கராஜ்: கழற்றுவதற்கு முன் புகையைப் பார்க்கிறவர்கள்

சின்ன டிராக்டர் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு வயல் தம்பலகாமத்தில். மெசின் 3 சிலிண்டர், 24 குதிரைவலு, பழைய யப்பான் மெசின். பெரும்போக உழவு தொடங்கும் நேரம் பார்த்துப் பிழை காட்டியது. வெறுமனே ஓடும்போது ஒரு குறையும் இல்லை. மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரை இறக்கிக் கொஞ்ச தூரம் போனதும் இழுவை குறைந்து, இஞ்சின் அமுங்கி நின்றுவிடும். சற்று நேரம் விட்டு ஸ்டார்ட் பண்ணினால் நன்றாக ஓடும், அப்புறம் திரும்பவும் அதே கதை.

முதலில் காட்டிய இடத்தில் மெசினை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. டீசல் பம்பைக் கழற்றிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் வந்துகொண்டிருக்கும்போது பம்பைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு வீட்டில் இருக்க எந்த விவசாயிக்கு மனம் வரும்? அதனால்தான் கிண்ணியாவுக்குக் கொண்டுபோனேன்.

அங்கே வேலை செய்யும் பெரிய நானா கேட்ட முதல் கேள்வி: "அமுங்கக்குள்ள புகை என்ன நிறம், தம்பி?"

கறுப்பாகத் தள்ளினால் காற்றுப் போதவில்லை, எயார் கிளீனரைப் பார்க்க வேண்டும். நீலம் என்றால் இஞ்சின் ஒயில் எரிகிறது. இஞ்சின் சுற்றுக் குறையாமல் இழுவை மட்டும் போனால் கிளச் வழுக்குகிறது, இஞ்சினில் கைவைக்கவே தேவையில்லை. புகையே இல்லாமல் சோர்ந்து போனால் டீசல் போதவில்லை. என் மெசினில் புகை இல்லை.

டாங்கி மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பார்த்தார். மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைபட்டாலும் டீசல் சரியாக இறங்காது என்றார். மாற்றம் இல்லை. பிறகு பில்டருக்குப் போகும் பைப்பைக் கழற்றிப் போத்தலில் பிடித்தார். தொடக்கத்தில் நன்றாக ஊற்றியது. அந்த வேகத்தைப் பார்த்ததும் "சரி, டீசல் வருது" என்று திரும்பப் பூட்டிவிடுகிற ஆட்கள்தான் அதிகம். அவர் விடவில்லை, பிடித்துக்கொண்டே நின்றார். ஊற்றியது மெல்ல மெல்ல நூலாக ஒழுகத் தொடங்கியது. இந்தப் பொறுமைக்காகவே அந்த கராஜை நான் யாருக்கும் சொல்வேன்.

அதோடும் நிற்கவில்லை. ஒரு கேனில் சுத்தமான டீசலை எடுத்து மேலே கட்டி, அதிலிருந்து நேரே பைப் கொடுத்து, பக்கத்துக் காணியில் ரொட்டவேட்டரை இறக்கி ஓட்டச் சொன்னார். மெசின் அமுங்கவே இல்லை. பம்ப், நொசில், கொம்பிரஷன் எதிலும் பிழையில்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

டாங்கியைக் காலி பண்ணியபோது, டீசல் வெளியேறும் வாயில் இருக்கும் சின்ன வலையில் கறுப்பாக வழுவழு என்று படிந்திருந்தது. டாங்கியின் அடியில் தண்ணீர் தங்கினால், அந்தத் தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் கிருமி வளருமாம். சுமை கூடி டீசல் அதிகமாக ஓடும்போது அது வலையில் வந்து ஒட்டுகிறது, இஞ்சின் நின்றதும் விலகிவிடுகிறது. ஓய்வு கொடுத்தால் மெசின் சுகமானது அதனால்தான். 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்றதிலிருந்து பீப்பாவில் சேர்த்து வைக்கும் பழக்கம் எங்கள் பக்கத்தில் பலருக்கு உண்டு. பீப்பாவின் அடி எண்ணெயை மெசினுக்கு ஊற்றவே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

டாங்கியைக் கழுவிக் காயவைத்து, புது பில்டர் போட்டு, டீசல் பைப்பில் சிக்கிய காற்றை எடுத்து, ரொட்டவேட்டரைச் சுழற்றும் பின்பக்க ஷாப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று வருகிறதா என்றும் பார்த்துத் தந்தார். கூலி நியாயம். பம்ப் வேலைக்குச் சொன்ன தொகைக்குக் கிட்டவும் வராது.

குறைகளும் இருக்கின்றன. உதிரிப்பாகம் அங்கே இல்லை, பில்டரை நான்தான் திருகோணமலை டவுனில் வாங்கி வந்தேன். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்ததால் அது பெரிய அலைச்சல் இல்லை. கூரை போதாது, மழை வந்தால் வேலை நின்றுவிடும். எழுதிய பில் தருவதில்லை, அதை அவர்கள் கட்டாயம் மாற்ற வேண்டும். உழவுக் காலத்தில் போன் எடுக்கமாட்டார்கள், நேரே போவதுதான் வழி.

போகிறவர்கள் ரொட்டவேட்டரைக் கழற்றாமல் கொண்டுபோங்கள். சுமை கொடுக்காமல் இந்தப் பிழையைப் பிடிக்க முடியாது. வெள்ளிக்கிழமை என்றால் ஜும்மா முடிந்த பிறகு போங்கள்.