காலேஜ் ஸ்கோர்கார்டு: சம்பளத்தை நம்பலாம், கடனைத் தோண்டிப் பார்க்க வேண்டும்

ஒவ்வொரு கல்லூரியிலும் செலவு எவ்வளவு, கடன் எவ்வளவு, படித்தவர்களின் சம்பளம் எவ்வளவு என்று காட்டும், அமெரிக்கக் கல்வித் துறை நடத்தும் காலேஜ் ஸ்கோர்கார்டு இணையதளம் இலவசம். விளம்பரம் கிடையாது. போன் நம்பர் கொடு, மெயில் கொடு என்ற நச்சரிப்பும் கிடையாது. 2015-இல் சம்பளக் கணக்கோடு வந்தாலும், என்னைப் போன்ற பெற்றோருக்கு உருப்படியாகப் பயன்படுவது 2019-க்குப் பிறகுதான். அதுவரை கல்லூரி முழுவதற்கும் ஒரே சம்பளக் கணக்கு இருந்தது. இன்ஜினியரிங் படித்தவனையும் நாடகம் படித்தவனையும் ஒன்றாகக் கலந்து ஒரு எண். 2019-இல்தான் படிப்பு வாரியாகப் பிரித்துப் போட்டார்கள்.

மகள் கம்யூனிகேஷன்தான் படிப்பேன் என்கிறாள். நான் அக்கவுண்டிங் வேலை பார்ப்பதால் "கட்டுப்படியாகுமா?" என்று கணக்குப் போடுகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இங்கே காட்டும் சம்பளம் வரித் துறைப் பதிவுகளிலிருந்து வருகிறது. கல்லூரிகள் தங்கள் பிரசுரங்களில் போடும் வேலைவாய்ப்புக் கணக்கு பெரும்பாலும் கருத்துக்கணிப்புக்குப் பதில் எழுதியவர்களை வைத்து வருவது. நல்ல வேலையில் இருப்பவர்தானே ஆர்வமாகப் பதில் எழுதுவார்! இங்கே அந்த வேலை நடக்காது. அதோடு இது சராசரி இல்லை, நடு மதிப்பு (மீடியன்): பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் இதற்குக் கீழ். ஒருவர் பெரிய டிவி தொகுப்பாளராகிக் கோடி கோடியாகச் சம்பாதித்தாலும் எண் ஏறாது.

தேடும்போது கொஞ்சம் பொறுமை வேண்டும். கல்லூரிப் பக்கத்தைத் திறந்ததும் பெரிதாகத் தெரியும் சம்பளம் கல்லூரி முழுவதற்குமானது, அதுவும் சேர்ந்து பத்து ஆண்டு கழித்து எடுத்தது. அதைத் தாண்டிப் படிப்புப் பட்டியலுக்குள் போனால்தான் நமக்கு வேண்டியது கிடைக்கும். அங்கேயும் கம்யூனிகேஷன் ஒரே இடத்தில் இருக்காது. ஜர்னலிசம் தனி, மக்கள் தொடர்பும் விளம்பரமும் தனி, ரேடியோ-டிவி-டிஜிட்டல் தனி. ஏறக்குறைய ஒரே பாடத்தை ஒரு கல்லூரி ஒரு தலைப்பிலும் இன்னொன்று வேறு தலைப்பிலும் வைத்திருக்கும். கம்யூனிகேஷன் டிஸார்டர்ஸ் என்றும் ஒன்று வந்து நிற்கும். "அம்மா, அது ஸ்பீச் தெரபிக்குப் போகிறவர்கள் படிப்பது" என்று மகள்தான் தள்ளிவிட்டாள். சிறிய கல்லூரிகளில் படித்து முடித்தவர்கள் குறைவு என்றால் எண்ணே போடமாட்டார்கள், அந்தரங்கம் காக்க. அது நியாயம்தான்.

இப்போது கடனுக்கு வருகிறேன். எனக்குக் குறையே இங்கேதான்.

ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தையும், கட்டணம் அதைவிடப் பல மடங்கு இருக்கும் ஒரு தனியார் கல்லூரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கம்யூனிகேஷன் முடித்தவர்களின் கடன் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். எப்படி? அந்தக் கட்டத்தில் வருவது மாணவர் தன் பெயரில் வாங்கிய மத்திய அரசுக் கடன் மட்டும். பெற்றோரைச் சார்ந்த மாணவருக்கு அதில் உச்சவரம்பு உண்டு: முதல் வருடம் 5,500 டாலர், இரண்டாம் வருடம் 6,500, அப்புறம் வருடத்துக்கு 7,500. நான்கு வருடத்தில் 27,000. எவ்வளவு விலை உயர்ந்த கல்லூரியாக இருந்தாலும் அந்த எண் அதற்கு மேல் பெரிதாகப் போகவே முடியாது. மீதி எங்கே போனது என்றால், பெற்றோர் தங்கள் பெயரில் மத்திய அரசிடம் வாங்கும் பேரன்ட் ப்ளஸ் கடனிலும் தனியார் வங்கிக் கடனிலும். முதலாவது தனி எண்ணாக வேறு இடத்தில் இருக்கிறது, தேடிப் பார்க்க வேண்டும். இரண்டாவது இந்தத் தளத்தில் எங்குமே இல்லை.

27,000 டாலரை இப்போதைய வட்டியில் பத்து வருடத்தில் அடைத்தால் மாதம் 300 சொச்சம். கம்யூனிகேஷன் பட்டதாரி சமாளித்துவிடலாம். ஆனால் பெற்றோர் பெயரில் இன்னொரு 60,000 இருந்தால்? 2025-26-க்கான ப்ளஸ் வட்டி 8.94 சதவீதம். மாதம் 760 டாலர் வரை வருகிறது. 2026 ஜூலையிலிருந்து புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65,000 என்று வரம்பு வைத்துவிட்டார்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால் தனியார் வங்கிதான்.

ஆண்டுச் செலவுப் பகுதியும் நம் ஆட்களுக்கு அரைகுறை உதவிதான். குடும்ப வருமான வாரியாகக் காட்டுகிறார்கள், ஆனால் கடைசிப் படி 1,10,001 டாலரும் அதற்கு மேலும். ஒருவர் சம்பளத்தில் ஓடும் வீட்டையும், இருவரும் ஐடியில் இருக்கும் வீட்டையும் ஒரே கூடையில் போட்டால் என்ன தெரியும்? அரசுக் கல்லூரி என்றால் அது உள்மாநில மாணவருக்கான செலவு என்பதையும் மறக்க வேண்டாம். இன்னொன்று, இந்தச் சம்பளம், கடன் எல்லாமே மத்திய அரசு உதவி பெற்ற மாணவர்களின் கணக்கு. எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தருவது) இருக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கடன் கிடையாது, ஆகவே அவர்கள் இதில் இல்லவே இல்லை.

சம்பளப் பகுதிக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். கடன் பகுதிக்கு இரண்டு, அதுவும் தாராளமாக. நான் செய்தது இதுதான்: சம்பளத்தை மட்டும் ஸ்கோர்கார்டிலிருந்து எடுத்துக்கொண்டேன். செலவை ஒவ்வொரு கல்லூரியின் சொந்த நெட் ப்ரைஸ் கால்குலேட்டரில் (உதவித்தொகை போக நாம் கட்ட வேண்டியதைக் கணக்கிடுவது) எங்கள் வருமானத்தைப் போட்டு எடுத்து, நான்கால் பெருக்கி, எங்கள் சேமிப்பைக் கழித்தேன். மிஞ்சுவது யார் பெயரில் இருந்தாலும் கடன்தான். அந்தத் தொகை கம்யூனிகேஷன் பட்டதாரியின் ஒரு வருடச் சம்பளத்தைத் தாண்டினால் அந்தக் கல்லூரி வேண்டாம் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். தனியார் கல்லூரி இப்போதைக்குத் தாண்டுகிறது. உதவித்தொகைக் கடிதம் வந்தபின் மறுபடி போட்டுப் பார்ப்போம் என்கிறாள். சரி என்றேன்.