குளோரின் குளிசை: நாலு வருடம் பாவித்த பிறகு

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் உச்சியில் 60,000 லீற்றர் நீச்சல் தடாகம் ஒன்று இருக்கிறது. அதன் தண்ணீரைப் பார்க்கும் பொறுப்பு நாலு வருடமாக என்னிடம். முதல் இரண்டு வருடம் முழுக்க ட்ரைகுளோர் என்ற குளோரின் குளிசைதான். மிதக்கும் கூட்டில் மூன்றைப் போட்டால் ஒரு கிழமைக்குக் கவலையில்லை. மொட்டைமாடி வெயிலில் வெறும் குளோரின் சில மணித்தியாலத்தில் போய்விடும், குளிசையில் சயனூரிக் அமிலமும் இருப்பதால் தாக்குப்பிடிக்கும்.

சிக்கலும் அந்த அமிலம்தான். குளோரின் செலவாகிவிடும், இது அப்படியே தங்கும். குளிசை வழியாக 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) குளோரின் சேர்த்தால் கூடவே சுமார் 6 பிபிஎம் இதுவும் சேர்கிறது. 30 முதல் 50 வரை இருந்தால் நல்லது. நான் அதை அளந்து பார்க்கவே இல்லை.

இரண்டாம் வருடம் மாசி வெயிலில் சுவரெல்லாம் வழுவழுவென்று பாசி. துப்புரவுக்கு வரும் தம்பி, "அண்ணை, குளோரின் 3 காட்டுது, பிறகேன் பச்சை?" என்று கேட்டான். நான் இன்னும் இரண்டு குளிசை போட்டேன், அது பெரிய பிழை. மாதிரியைக் கொண்டுபோய்ச் சோதித்தால் சயனூரிக் அமிலம் 150! அந்த அளவில் குளோரினின் பெரும்பகுதி அதோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும், அளவில் தெரியும், பாசியையும் கிருமியையும் கொல்லும் வேகம் இருக்காது. அதில்தான் பிள்ளைகள் நீந்தினார்கள் என்பது இன்றும் மனதை உறுத்துகிறது. வேறு வழியில்லாமல் மூன்றில் இரண்டு பங்குத் தண்ணீரை இறக்கிப் புதிதாக நிரப்பினோம்.

இப்போது பொழுது சாய்ந்ததும் திரவக் குளோரின், காலையில் சோதனை. தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.2க்கும் 7.8க்கும் இடையில் நிற்க வேண்டும். குளிசை அதைக் கீழே இழுத்தது, இப்போது மெல்ல ஏறுகிறது, சயனூரிக் அல்லாத வேறு அமிலம் கொஞ்சம் விட்டால் சரி. மஞ்சள் நிறம் காட்டும் பழைய சொட்டு மருந்தையும் விட்டுவிட்டேன், அது மொத்தக் குளோரினை மட்டுமே சொல்லும். டிபிடி என்ற மற்றக் குளோரின் சோதனையில் வியர்வை, சிறுநீரோடு சேர்ந்து கெட்ட குளோரின் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கலாம். கண் எரிவதும் மூக்கைத் துளைக்கும் வாடையும் பெரும்பாலும் அதனால்தான், "குளோரின் கூடிப்போச்சு" என்று குறைத்துவிடாதீர்கள்.

அப்புறம் ஒன்று, குளிசை போட்ட கூட்டில் கல்சியம் ஹைப்போகுளோரைட் என்ற மற்ற வகைக் குளோரின் தூளைப் போடவே கூடாது. தீப்பற்றும், வெடிக்கவும் கூடும்.

மிச்சக் குளிசை ஒரு வாளி இருக்கிறது. நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போகும் நாட்களில் மட்டும் இரண்டைப் போட்டுவிட்டுப் போவேன், திரும்பி வந்ததும் முதலில் சயனூரிக் அமிலத்தைத்தான் அளப்பேன்.