குழந்தை வேண்டிப் போன இடத்தில் எனக்குப் போட்ட டெஸ்டோஸ்டிரோன் ஊசி

திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லாததால், ஆண்களுக்கான ஹார்மோன் சிகிச்சை என்று பலகை மாட்டியிருந்த ஒரு தனியார் கிளினிக்குக்குக் கடந்த ஆண்டு சென்றேன். அதன் பெயரை நான் இங்கு எழுதவில்லை. நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது அந்த ஊசியின் பெயரைத்தான்.

அப்போது என் கையிலிருந்த பரிசோதனை அறிக்கையில் விந்தணு எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 1.1 கோடி என்று இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு கூறும் கீழ் எல்லை 1.6 கோடி. ஆகவே குறைவுதான், ஆனால் கைவிடத்தக்க நிலை அல்ல. அந்த அறிக்கையை அவர்கள் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. மாலை ஐந்தரை மணிக்கு, அலுவலகக் களைப்போடு போயிருந்த எனக்கு இரத்தம் எடுத்து, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று முடிவு கட்டினார்கள். அது காலையில் மிகுந்தும் மாலையில் குறைந்தும் இருக்கும் ஹார்மோன் என்பதும், இரு வேறு நாள்களில் காலையில் பார்த்த பிறகே குறைவு என்று சொல்ல வேண்டும் என்பதும் எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. குழந்தைக்காகத்தான் வந்திருக்கிறோம் என்று என் மனைவி இருமுறை சொன்னார். "ஹார்மோன் ஏறினால் அணுவும் தானாக ஏறும்மா" என்றார்கள்.

இரு வாரங்களுக்கு ஒன்றாக எட்டு ஊசிகள், ஒவ்வொன்றும் 250 மில்லிகிராம். எண்ணெய்போல் கெட்டியான மருந்து என்பதால் மெதுவாகத்தான் இறங்கும். அன்றிரவு அந்தப் பக்கமாகப் படுக்க முடியாது. உடம்பில் தெம்பு வந்தது உண்மை, அதனாலேயே நம்பினேன். நான்கு மாதம் கழித்து வேறு பரிசோதனைக் கூடத்தில் பார்த்தபோது, எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் "விந்தணுக்கள் காணப்படவில்லை" என்று அச்சிட்டிருந்தது.

பிறகு பார்த்த சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவர் விளக்கிய பிறகே விவரம் புரிந்தது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரு ஹார்மோன்களே விரைகளை வேலை செய்ய வைக்கின்றன. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏறியதும், போதுமான அளவு இருக்கிறது என்று மூளை எடுத்துக்கொண்டு அவ்விரண்டையும் நிறுத்திவிடுகிறது. விந்தணு உருவாக விரைக்குள் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்தில் உள்ளதைப்போலப் பல மடங்கு. ஊசி இரத்தத்தை நிரப்புமே தவிர, விரைக்குள் அந்த அளவு வற்றிப்போகும். உலக சுகாதார நிறுவனம் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், 271 ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோனை ஆண் கருத்தடை முறையாகவே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 157 பேருக்கு விந்தணு அடியோடு நின்றது. பிள்ளை வேண்டும் என்று போன எனக்குப் பணம் வாங்கிக்கொண்டு செய்ததும் அதுவே. உடற்பயிற்சிக் கூடங்களில் தசைக்காகப் போட்டுக்கொள்ளும் ஊசிகளின் கதையும் இதுதான்.

ஊசியை நிறுத்தி, எல்.எச். போலவே விரைகளைத் தூண்டும் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் சிகிச்சையில் ஆறு மாதம் ஓடிவிட்டது. ஒரு விந்தணு உருவாகவே ஏறத்தாழ 74 நாள் ஆகும் என்பதால் மாதாமாதம் பார்த்துப் பயனில்லை. கடைசியாகப் பார்த்தபோது 40 லட்சம். பலருக்கு ஓராண்டுக்குள் மீளும், சிலருக்கு இரண்டாண்டும் ஆகலாம் என்கிறார் மருத்துவர்.

கிளினிக் தந்த ரசீதில் மருந்தின் பெயரே இல்லை. "ஹார்மோன் பேக்கேஜ்" என்று மட்டும் இருந்தது. காலி ஆம்பூலை என் மனைவி கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்ததால்தான் எது, எவ்வளவு என்று மருத்துவரிடம் காட்ட முடிந்தது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைக் குறிப்புகளைத் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் குழும விதி. அதைச் சுட்டிக்காட்டி விரைவு அஞ்சலில் இருமுறை எழுதினேன். கடிதங்களைக் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். குறிப்புகள் இன்னும் வரவில்லை.